சித்தியின்ட பிளட் ரிப்போட்

சித்தி: ரிப்போட் வந்திட்டு. எச்பி (ஹீமோகுளோபின்) 9.2, பெரிட்டின் (உடம்பு சேமிச்ச இரும்பின்ட அளவாம்) 6, ரெண்டும் குறைவு எண்டு போட்டிருக்கு. கீழ ட்ரான்ஸ்பெரின் ரிசெப்டர் எண்டு ஒண்டு, அது மட்டும் கூட. அது நல்லந்தானே

பெரியம்மா: ஏதோ ஒண்டாவது கூடியிருக்கே பிள்ளை 🙏

அண்ணா (லாப்): ஐயோ பெரியம்மா நில்லுங்கோ. அது கூடினா உடம்பு இரும்புக்கு அலையுது எண்டு அர்த்தம்

சித்தப்பா: விளங்கிற மாதிரிச் சொல்லு

அண்ணா (லாப்): எலும்பு மச்சைக்குள்ள முத்தாத சிவப்பணு இருக்கு, அதின்ட மேல்தோலில தான் இந்த ரிசெப்டர் கூடுதலா இருக்கு. ட்ரான்ஸ்பெரின் எண்ட புரதம் ரத்தத்தில ரெண்டு இரும்பு வரைக்கும் தூக்கிக்கொண்டு வரும், ரிசெப்டர் அதைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்து இரும்பை இறக்கிப்போட்டு வெறும் ஆளைத் திருப்பி வெளிய விடும். இரும்பு குறையக் குறைய செல் ரிசெப்டரைக் கூட்டும், வாறதில ஒண்டையும் தவற விடக்கூடாது எண்டு. அதில கழண்டு ரத்தத்துக்க மிதக்கிற துண்டைத் தான் லாபில அளக்கிறது

சித்தப்பா: அப்ப கூடப் பிடிக்குமே, பிறகென்ன குறை

அண்ணா (லாப்): பிடிக்க ஆக்கள் கூட, வாற லொறி வெறும் லொறி. சுகமான ஆளுக்கே ட்ரான்ஸ்பெரினில மூண்டில ஒரு பங்கு தான் நிரம்பியிருக்கும், சித்திக்கு 7 சதவீதம். ஹீமோகுளோபினில இரும்பு இருக்கிற பகுதி ஹீம், மற்றப் புரதப் பகுதி குளோபின். இரும்பு இல்லாட்டி ஹீம் இல்ல, ஹீம் இல்லாட்டி செல் குளோபின் செய்யிறதையும் குறைச்சிடும், கடைசியில சின்னனா வெளிறிப்போய் வெளிய வரும். எம்சிவி, அதாவது சிவப்பணுவின்ட பருமன், 68 எண்டு போட்டிருக்கே, அது தான்

அண்ணா (லாப்): வெளிய வந்து ஒண்டு ரெண்டு நாளில முத்திடும், ரிசெப்டரும் இல்லாமப் போயிடும். பிறகு ஒரு 120 நாளைக்கு உள்ளுக்க இருக்கிறதோட தான் ஓட்டம், நடுவில ஏத்தேலாது

நான்: அதுதானா சித்தி ஐஸ்கட்டி நறுக்கு நறுக்கெண்டு கடிக்கிறா?? ஃப்ரிஜ்ஜில ட்ரே எப்பவும் காலி

அண்ணா (லாப்): ஓம், இரும்பு குறைஞ்ச ஆக்களுக்கு அந்த ஆசை வாறது தான்

சித்தி: இந்த வெக்கைக்குக் கடிக்கிறன் 🙄 இரும்புக் குளிசையும் ஒரு கிழமையாப் போடுறன் தானே

பெரியம்மா: எதோட போடுறாய்

சித்தி: காலம தேத்தண்ணியோட

அண்ணா (லாப்): சித்தீஈஈ

அண்ணா (லாப்): தேயிலைச் சாயம் குடலிலயே இரும்பைப் பிடிச்சு வைச்சிடும், ரத்தத்துக்குப் போறது குறைஞ்சிடும். தேசிக்காய்த் தண்ணியோட போடுங்கோ, தேத்தண்ணி ரெண்டு மணித்தியாலம் கழிச்சு. இரும்பு கிடைக்கத் தொடங்கினா கிழமைக்குள்ள இளஞ்செல் கூடுறது தெரியும், எச்பி சரியான அளவுக்கு ஏற மாசக்கணக்கு எடுக்கும். ஏன் குறைஞ்சது எண்டும் டொக்டரிட்டக் கட்டாயம் கேளுங்கோ, பீரியட்ஸ் கூடப் போறதையும் சொல்லுங்கோ

சித்தி: குரூப்பில எழுதாதையடா

சித்தப்பா: வெள்ளவத்தை மார்க்கட்டில நிக்கிறன், தேசிக்காய் எத்தின வேணும்