பானை ஓடா, செராமிக் ரிங்கா?

(மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் பேச்சு; ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெயரில்.)

மஞ்சக்குப்பம்: "பானை ஓட்டை உடைத்து மீன் தொட்டி ஃபில்டரில் போட்டால் போதும், செராமிக் ரிங் வாங்குகிறவன் ஏமாளி" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ரிங்கில் நுண்துளை இருக்கிறது, மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதற்குள்தான் குடியிருக்கும். ஓட்டில் அந்தத் துளை எங்கே?

வில்லியனூர்: எழுதியது நான்தான், இப்போதும் அதையே சொல்கிறேன். மெருகு பூசாத சுடுமண்ணில் துளை இல்லையென்றால் பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? எங்கள் ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தெரியுமா?

மஞ்சக்குப்பம்: குறியீட்டை மீன் தின்னுமா? பானை கசிவது வேறு, ரிங்கின் துளை வேறு. ஒரு லிட்டர் ரிங்குக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறான். உங்கள் ஓட்டுக்கு யார் அளந்து போட்டார்கள்?

லாஸ்பேட்டை: பெட்டியில் போட்டதை வேதம் மாதிரி ஓதாதீர்கள் தம்பி. பாக்டீரியா ஒன்று ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது தனியாக இருக்காது, கொழகொழவென்று படலமாகப் படரும். மிக நுண்ணிய துளையின் வாயை அந்தப் படலமே அடைத்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே எத்தனை சதுர மீட்டர் இருந்து என்ன? ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற சுமார் 4.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். படலத்துக்குள் ஆக்சிஜன் மயிரிழை கனத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இறங்கும். ரிங்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்கு யார் காற்று கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? வேலை நடப்பது தண்ணீர் ஓடித் தொடுகிற பரப்பில். அந்தக் கணக்கில் சாதாரண ஸ்பான்ஞ் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும்.

மஞ்சக்குப்பம்: ஆக்சிஜன் இல்லாத உள்துளையில்தான் நைட்ரேட்டைக் குறைக்கும் பாக்டீரியா வளரும். இது தெரியாமல் வகுப்பெடுக்கிறீர்களா சார்?

லாஸ்பேட்டை: அந்தப் பாக்டீரியாவுக்குக் கரிமச் சத்து தீனியாக வேண்டும். அடைபட்ட துளைக்குள் அதை யார் ஊட்டுவது? நைட்ரேட் குறைய வேண்டுமென்றால் தண்ணீரை மாற்றுங்கள், செடி வையுங்கள்.

முத்தியால்பேட்டை: சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். கப்பி மீன் தொட்டிக்கு ஞாயிறு சந்தையில் கார்பன், அதான் ஃபில்டரில் போடும் கரி, வாங்கினேன். ரிங்குக்குப் பதில் அது போதுமா?

லாஸ்பேட்டை: போதாது அக்கா. மருந்துச் சாயம், வாடை இவற்றைக் கார்பன் பிடிக்கும். அம்மோனியாவைத் தொடாது. சில வாரத்தில் அதன் உறிஞ்சும் சக்தியும் தீர்ந்துவிடும். மீனுக்கு மருந்து போடும்போது அதை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தையும் சேர்த்துக் குடித்துவிடும். முதலில் ஸ்பான்ஞ் வாங்குங்கள். அதைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

வில்லியனூர்: அக்கா, ஸ்பான்ஞ் நைந்துபோகும், ஓடு நைந்துபோகாது.

மஞ்சக்குப்பம்: ஓடு கரைந்து தண்ணீர் சேறாகும்.

வில்லியனூர்: நன்றாகச் சுட்ட ஓடு கரையாது. உங்கள் ஊரில் பச்சை மண்ணைப் பானையென்று விற்கிறார்களோ என்னவோ.

மஞ்சக்குப்பம்: ஊரை இழுக்காதீர்கள். எங்கள் கடலூர்த் தண்ணீரில் டெட்ரா மீன் வளர்க்கிறேன். உங்கள் போர் தண்ணீரில் மோலியைத் தவிர என்ன நிற்கும்?

லாஸ்பேட்டை: ஊர்த் தண்ணீரைப் பேசுவதென்றால் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, பேசுங்கள். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் முதலில் அதை அளக்க வேண்டும். அலங்காரத்துக்கென்று கிளிஞ்சலையும் பவளத்துண்டையும் ஃபில்டரில் போட்டால் இன்னும் ஏறும்.

வில்லியனூர்: எல்லாம் தெரிந்த சார், போன பொங்கல் சமயம் அம்மோனியாவைப் பிடிக்கும் ஜியோலைட் கல் போட்ட தொட்டியில் கல் உப்பு போடச் சொன்னது யார்? உப்பு பட்டதும் ஜியோலைட் பிடித்து வைத்த அம்மோனியாவைக் கக்கிவிட்டது. என் கோல்டு ஃபிஷ் போனதை மறக்கவில்லை.

லாஸ்பேட்டை: ஜியோலைட் உள்ளே கிடக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. வெள்ளைப்புள்ளி நோய் என்றீர்கள், உப்பு என்றேன்.

வில்லியனூர்: கேட்டிருக்க வேண்டியது நீங்கள்.

லாஸ்பேட்டை: தொட்டி உங்களுடையது.

மஞ்சக்குப்பம்: பேச்சை மாற்றிவிட்டீர்கள். ஓட்டில் துளை எத்தனை மைக்ரான் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

லாஸ்பேட்டை: துளை, துளை, துளை! ஃபில்டர் புதிதாக ஓடத் தொடங்கினால் உள்ளே ரிங், ஓடு, ஸ்பான்ஞ் என்று எந்த மீடியா போட்டாலும் பாக்டீரியா நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா, அது நைட்ரேட்டாகும் வழியில் வரும் நைட்ரைட் இரண்டையும் சோதிக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மஞ்சக்குப்பம்: ரிங் போட்ட தொட்டிக்கு அந்தக் கவலை எனக்கில்லை.

லாஸ்பேட்டை: பார்த்தீர்களா! சோதிக்காமல்தான் இத்தனை பேச்சு.

வில்லியனூர்: நாளைக்கே குயவரிடம் இன்னும் ஒரு கூடை ஓடு வாங்கப் போகிறேன். வேண்டுமென்கிறவர்கள் சொல்லுங்கள், மஞ்சக்குப்பத்துக்காரர் தவிர.