குருத்துக்கலம் என்னும் சொல்லுக்காக

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு,

தன்னையும் பெருக்கி, வேறு வகைக் கலங்களையும் (செல்களையும்) தரவல்ல 'ஸ்டெம் செல்' என்பதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்னும் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட தண்டுக்கலம், மூலக்கலம், குருத்தணு ஆகிய மூன்றையும் திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் என் மாணவரிடம் சொல்லிப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். தண்டுக்கலம் என்றதும் அவர்கள் தாவரத் தண்டின் குறுக்குவெட்டை நினைத்துக்கொண்டார்கள். மூலக்கலம் இன்னும் இடர்ப்பாடானது. மூலகம் (தனிமம்), மூலக்கூறு என்னும் இரண்டும் நம் பாடநூல்களில் முன்பே நிலைபெற்றுவிட்டன. நோயாளிக்கு விளக்கும் மருத்துவரின் வாயில் 'மூலம்' வேறொரு நோயின் பெயராகவும் ஒலிக்கும்.

ஜெர்மானிய உயிரியலாளரான ஹெக்கல் 1868இல் இச்சொல்லின் முன்வடிவத்தை ஆண்டபோது, அடிமரம், குலவழி என்னும் இரு பொருளும் உள்ள 'ஷ்டாம்' என்பதையே எடுத்தார். ஆங்கிலத்தில் அது 'ஸ்டெம்' ஆனது. நாம் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் தண்டைப் பிடித்துக்கொண்டோம். சொல்லின் வரலாற்றைவிட அக்கலம் செய்யும் தொழிலே பெயருக்கு அடிப்படையாக வேண்டும் என்பது என் கருத்து. 1961இல் டொரொன்டோவில் டில், மக்கலொக் என்னும் ஆய்வாளர் இருவரும், கதிர்வீச்சுக்குள்ளான எலிகளுக்கு என்பு மச்சையை (எலும்பு மஜ்ஜையை) செலுத்தி, மண்ணீரலில் முளைத்த சிறு முடிச்சுகளை எண்ணினார்கள். தன்னைப் போன்ற கலத்தையும் தோற்றுவித்து, இரத்தத்தின் செங்குழியம், வெண்குழியம் முதலிய வேறு வகைக் கலங்களையும் தரவல்ல கலம் ஒன்று உண்டு என்பது அந்த வழியிலேயே உறுதிப்பட்டது.

அத்தொழிலை நிலாவெளிப் பக்கத்துப் பனையொன்றில் கண்ணால் காணலாம். பனைக்கு வளர்முனை ஒன்றுதான். ஓலை, பாளை எல்லாம் அங்கிருந்தே வருகின்றன, ஆயினும் அது தீர்ந்துபோவதில்லை, அது அழுகினால் மரமே பட்டுவிடுகிறது. ஆகவே குருத்து என்பதை ஏற்கிறேன். குருத்தணுவில் உள்ள அணுவை மட்டும் ஏற்க இயலவில்லை. வேதியியலில் அணு வேறு, உயிரியலில் கலம் வேறு என்று கற்பித்துவிட்டு, இங்கே மட்டும் கலத்தை அணு என்பது முறையன்று. குருத்துக்கலம் என்பதே என் முன்மொழிவு.

இச்சொல்லை நான் விடாது பற்றிக்கொள்வதற்கு வைரசு ஆய்விலிருந்தும் ஒரு காரணம் உண்டு. நோயுற்ற செடியிலும் குருத்தின் நுனி பெரும்பாலும் வைரசு இன்றியே இருக்கும். 1952இல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் இருவரும் வைரசு பீடித்த டாலியாவின் நுனியை வெட்டி வளர்த்து நலமான செடியைப் பெற்றதும் இதனாலேயே. அந்நுனியின் குருத்துக்கலங்களைப் பேணும் வூஷெல் என்னும் புரதமே வைரசின் புரத ஆக்கத்தையும் அடக்குகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதக் குருத்துக்கலங்களிலும் இதை ஒத்த நிலை உண்டு. வியத்தமடைந்த கலம், அதாவது குறித்த ஒரு தொழிலுக்கென முதிர்ந்த கலம், இன்டர்பெரோன் என்னும் வைரசு எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தின் அறிவித்தல் கிடைத்த பின்னரே தன் வைரசு எதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றை இயக்குகிறது; குருத்துக்கலமோ இன்டர்பெரோனுக்கு அவ்வளவாக மறுமொழி தராமல், அம்மரபணுக்களில் ஒரு பகுதியை எப்போதும் இயங்கும் நிலையிலேயே வைத்திருக்கிறது. இது 2018இல் வெளிவந்த முடிவு. பொறிமுறைகள் வேறானவை என்பதை மறைக்கவில்லை. என்றாலும் செடியின் குருத்துக்கும் உடலின் குருத்துக்கலத்துக்கும் இப்படியொரு பொதுத்தன்மை இருப்பது, இச்சொல்லை வெறும் உவமையாக நிற்கவிடாமல் உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறது. தாக்குதல் நேருமுன்பே கலம் தன்னுள் கொண்டிருக்கும் இந்தக் காப்பைத் 'தன்னக நிர்ப்பீடனம்' (தன்னுள்ளே அமைந்த நோயெதிர்ப்பு) எனலாமா என்று கேட்கிறேன்.

ஓர் எதிர்ப்பை நானே எழுப்ப வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006இல் எலியின் முதிர்ந்த கலங்களில் நான்கு மரபணுக்களை ரெட்ரோவைரசு என்னும் வைரசு வகை வழியாகப் புகுத்தி, அக்கலங்களை முளையக் (கருவின் தொடக்க நிலைக்குரிய) குருத்துக்கலங்களை ஒத்த நிலைக்கு மீட்டார். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். இங்கே காவோலையே குருத்தோலை ஆகிறது. பனையில் நடவாதது இது. ஆனால் சொல் இதனால் கெடவில்லை: 'குருத்துநிலை மீட்பு' என்று எழுதினால் மாணவர் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

தொடர்களில் முளையக் குருத்துக்கலம் தடையின்றி வருகிறது. குருதிக் குருத்துக்கலம் என்பது நாவில் இடறுவதால், அவ்விடத்தில் இரத்தக் குருத்துக்கலம் என்றே எழுதுவோம்.