செகண்ட் லைஃபில் ஓவியங்கள் மங்கலாகத் தெரிகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி: கடைகளோ நடனமோ எனக்கு வேண்டாம். நிதானமாக ஊர் சுற்றவும், ஓவியக் கூடங்களைப் பார்க்கவும்தான் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் சேர்ந்தேன். ஆனால் கூடத்துக்குள் போனால் படங்கள் கலங்கலாகத் தெரிகின்றன. என் மடிக்கணினி பழசு.

பதில்: பார்வைத் தூரத்தை, அதாவது எவ்வளவு தொலைவு வரை திரையில் வரைய வேண்டும் என்ற அமைப்பை, 64 மீட்டருக்குக் குறையுங்கள். அங்கே நிலம் சதுரப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது; ஒரு பகுதியின் பக்கம் 256 மீட்டர். அத்தனையையும் வரைய முயன்றால் பழைய கணினி திணறும். அப்புறம், ஓவியத்தின் முன் நின்று ஆல்ட் விசையை அழுத்தியபடி அதைச் சொடுக்கி, சுட்டியை முன்னால் தள்ளுங்கள். கேமரா மட்டும் நெருங்கிப் போகும். கொஞ்சம் பொறுத்திருந்தால் படம் தெளிந்துவிடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் பழைய ஓவியர்கள் அருங்காட்சியகம் 2007இல் தன் அறைகளை இங்கே கட்டியபோது, ரஃபேலின் சிஸ்டைன் மடோனா ஓவியத்தை இப்படித்தான் பார்த்தேன். மேகத்துக்குள் கரைந்து நிற்கும் குழந்தை முகங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. கூட்டம் இல்லை, அவசரப்படுத்த ஆளும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்!

இன்னொரு பதில்: ஊர் சுற்ற ஸ்வர்கா தீவுக்குப் போங்கள். மழை பெய்தால் செடி வளரும், தேனீ வந்தால் மகரந்தம் சேரும் என்று ஒன்றையொன்று சார்ந்த உயிர்ச்சூழலாகவே அதை வடிவமைத்தார்கள். அங்கே பறக்காதீர்கள், நடந்தே போங்கள். வெளிச்சத்தையும் நண்பகலுக்கு மாற்றிவிடாதீர்கள். அந்த வானமும் தீவைப் படைத்தவரின் வேலைதான்.

கேட்டவர்: 64 வைத்ததும் படங்கள் தெளிந்துவிட்டன, நன்றி. ஸ்வர்காவுக்கு இன்று இரவே போகிறேன்.