எழுதிச் சம்பாதிப்பவர்களே, பட்ட கதையைச் சொல்லுங்கள்

பாலக்கோடு அக்கா:

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உட்கார்ந்து ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். வேலை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிடித்த வேலையில் எங்கே அடிபட்டோம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நானே தொடங்குகிறேன்.

என் முதல் பெரிய வேலை ஒரு மொழிபெயர்ப்பு. சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய ஆங்கிலக் கையேடு, 10,000 சொல். சொல்லுக்கு 1 ரூபாய் என்று போனில் பேச்சு. தக்காளி மண்டிக்குப் போய்விட்டு வந்த அப்பாவிடம் 'பத்தாயிரம் வருதுப்பா' என்று சொல்லியும்விட்டேன். 12 நாள் உட்கார்ந்து முடித்து அனுப்பினால், கணக்கில் ஏறியது 7,100 ரூபாய். கேட்டதற்கு, 'நீங்க கொடுத்ததே 7,100 சொல்தானே மேடம்' என்றார்கள். அவர்கள் எண்ணியது தமிழை.

அவர்கள் எண்ணிக்கை பொய்யும் இல்லை. 'இன் தி ஃபீல்டு' மூன்று சொல், 'வயலில்' ஒன்றுதான். உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது. இறுக்கமாக, நன்றாக எழுத எழுதக் கூலி குறையும்! இப்போதெல்லாம் 'மூல ஆங்கிலச் சொல் கணக்குப்படி' என்று முதல் மெயிலில் போட்டு, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் கோப்பையே திறக்கிறேன்.

ஓசூர்த் தம்பி:

எனக்குப் பணத்தில் அடி இல்லை அக்கா, சொல்லில் அடி. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். டார்க் ரெஞ்சுக்கு, அதாவது நட்டை அளவான விசையில் இறுக்கும் கருவிக்கு, 'முறுக்குவிசைத் திருகி' என்று போட்டிருந்தேன், பெருமையாகத்தான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் அதைச் சுவரில் ஒட்டினார். மெஷினில் நிற்கிற அண்ணன் ஒருவர் சத்தமாகப் படித்துவிட்டு, 'இது எந்த ஸ்டோர்ல கிடைக்கும் தம்பி?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். 34 பக்கத்தையும் திரும்ப எழுதினேன், காசில்லாமல்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம். எந்த வேலையானாலும் முதலில் அரை நாள் அவர்கள் கான்டீனில் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் ஊரில் ஒரே மேஜையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும், ஆனால் மெஷின் சாமானுக்கு மூன்றிலும் ஒரே பேர்தான். ஐம்பது சொல் பட்டியல் போட்டு, அதில் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எழுதுவது. அந்த அரை நாளும் ரேட்டில் சேர்த்திதான். 'எல்லாம் எழுதித் தரப்படும்' என்று போட்டிருந்த காலத்தில் போனே வராது. மெஷின் ஷாப் வேலை மட்டும் என்று மாற்றிய பிறகு பெங்களூரிலிருந்துகூட வருகிறது.

டேம் ரோடு அண்ணன், கிருஷ்ணகிரி:

நம்ம ஊரில் எழுதுகிறவன் மாங்கூழ் கம்பெனியைத் தாண்டிப் போக முடியுமா? ஏற்றுமதிக்கான விளக்கப் புத்தகம் ஒன்று எழுதினேன், பில் 28,000. 'சீசன் முடியட்டும் சார்' என்றார்கள். ஜூலையோடு சீசன் முடிந்தது. 'சரக்கு கப்பல் ஏறட்டும் சார்.' ஏறியது. 'ஆடிட்டர் வரட்டும் சார்.' நேரிலேயே போய் நின்றபோது கணக்குப்பிள்ளை இரண்டு டின் மாங்கூழ் கொடுத்து அனுப்பினார். பெங்களூரா மாம்பழக் கூழ், ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பணம் வர 11 மாதம் ஆனது.

நம்ம தகடூர் அதியமானே பரிசில் தர நாள் கடத்தியிருக்கிறான். அவ்வை வாயில்காவலனிடம் கோபித்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவருக்குப் பாட்டு இருந்தது, நமக்குக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தத் தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பதிந்தபின் எடுக்கும் வேலைக்கு, எழுத்தில் எத்தனை நாள் கெடு போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகித'த்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வட்டி கேட்டு யாரும் வாடிக்கையாளரை இழக்க மாட்டோம், சரி. ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து, தாமதித்த தொகையை உண்மையில் கொடுக்கும்வரை அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. பில்லின் தலையில் உத்யம் எண்ணைப் போடுங்கள். அதைப் பார்த்து ஆடிட்டரே நமக்காகப் பேசுவார். இப்போது எனக்கு நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் பணம் தானாக வருகிறது.

பணம் தரும்போதே வருமான வரிக்கென்று 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் போச்சே என்று விட்டுவிடாதீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும்.

பென்னாகரத்தான்:

என் கதை சின்னது. 'சாம்பிளுக்கு மூன்று கட்டுரை' என்றார்கள், கொடுத்தேன். 'தேர்வாகவில்லை' என்று மெயில். இரண்டு மாதம் கழித்து மூன்றும் அவர்கள் தளத்தில், வேறு பேரில். இப்போது சாம்பிள் கேட்டால் ஏற்கெனவே வெளிவந்ததைத்தான் அனுப்புவேன். அப்புறம், எழுத்தின் பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுதிக் கொடுக்கும்போது ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான், நாட்டைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருக்கும். அந்த வரியைப் பார்த்தால் ரேட்டை ஏற்றிக் கேளுங்கள்.

பாலக்கோடு அக்கா:

டேம் ரோடு அண்ணா, இன்று ராத்திரியே பதிந்துவிடுகிறேன். தொழில் வகை என்று கேட்குமே, மொழிபெயர்ப்புக்கு நீங்கள் எதைப் போட்டீர்கள்? ஓசூர்த் தம்பி, நான் அந்தக் கையேட்டில் 'கிளைக்குழாய்' என்று எழுதினேன். அப்பாவிடம் இப்போது கேட்டால் 'டியூப்புனு எழுதுனா ஆகாதா?' என்கிறார்.