சிட்காமுக்குக் ‘களநகை’: என் முன்மொழிவும் காரணங்களும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் நான் கேட்ட சின்னக் கேள்விக்கு இத்தனை பதில்கள் வந்ததில் மிகவும் மகிழ்ச்சி. புதிதாக இழையைப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: ‘மை வேர்ல்ட் அண்ட் வெல்கம் டு இட்’ என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். “இது 1969 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கிய ஒரு…” என்பதோடு நின்றுவிட்டது. ‘சிச்சுவேஷன் காமெடி’ என்பதன் சுருக்கமான சிட்காமுக்கு மனம் ஒப்பிய சொல் கிடைக்கவில்லை.

> சூழல் நகைச்சுவை என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, புழக்கத்தில் உள்ள சொல்லை எளிதில் தள்ளக்கூடாது என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் இந்தச் சொல் பொருளைத் தவறவிடுகிறது. சூழல், சூழ்நிலை என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு வேறு மாதிரி இருப்பது. “அப்போதைய சூழ்நிலை அப்படி” என்கிறோம். சிட்காமில் வரும் ‘சிட்’ இதற்கு நேர்மாறு. அது மாறவே மாறாத பகுதி.

1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இசைக்குழு நடத்துகிறார். மனைவிக்கு எப்படியாவது மேடை ஏறிவிட வேண்டும். கணவருக்கு அதில் விருப்பமில்லை. இவ்வளவுதான் அடிப்படை. வாராவாரம் ஒரு புதுச் சிக்கல் வரும், அரை மணி நேரத்தில் அவிழும், குடும்பம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடுத்த வாரம் அதே வீடு, அதே ஆசை. நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் கதை புரிந்துவிடும். மேடை நாடகத்தில் கல்யாணம் நடந்தால் கதை முடிந்தது. இங்கே எதுவும் முடிவதில்லை. யார், எங்கே, அவர்களுக்குள் என்ன உறவு, என்ன இழுபறி என்ற அந்த நிரந்தர ஏற்பாட்டைத்தான் அந்தத் தொழிலில் ‘சிச்சுவேஷன்’ என்கிறார்கள். வழியில் வந்துபோகும் சிக்கலுக்கு அந்தப் பெயர் இல்லை.

இப்போது என் கட்டுரையின் தொடருக்கு வருகிறேன். ஒரு கலைச்சொல்லை உரசிப் பார்க்க இது நல்ல கல். நாயகர் ஜான் மன்ரோ, ‘மன்ஹாட்டனைட்’ என்ற கற்பனைப் பத்திரிகையில் சித்திரம் வரைபவர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வீடு, மனைவி எலன், கெட்டிக்கார மகள் லிடியா. மன்ரோவாக நடித்தவர் வில்லியம் வின்டம். உலகம் தனக்கு எதிராக அணிவகுத்து நிற்கிறது என்று மன்ரோவுக்கு ஓயாத எண்ணம். வீட்டில் சொல்ல முடியாததை நேராகக் கேமராவைப் பார்த்து நம்மிடம் சொல்வார். அதுவும் போதாதபோது பகற்கனவில் இறங்கிவிடுவார், அவர் வரைந்த கோடுகள் உயிர்பெற்று எழும்.

தொடருக்கு மூலம், அமெரிக்க எழுத்தாளரும் கேலிச்சித்திரக்காரருமான ஜேம்ஸ் தர்பரின் கதைகளும் சித்திரங்களும். தர்பரின் புகழ்பெற்ற ஒரு படத்தில், சிறிய மனிதர் ஒருவர் தன் வீட்டை நோக்கி நடந்துவருவார். வீட்டின் பின்புறம் பெரிய பெண் முகமாகி அவரை முறைத்துக்கொண்டிருக்கும். தொடரின் தொடக்கக் காட்சி இதை வைத்துத்தான். நிஜ வின்டம் கோட்டோவிய வீட்டை நோக்கி நடந்துவருவார், வீடு மனைவியின் முகமாக மாறும். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். தொடரின் ‘சிட்’ முழுவதும் அதற்குள் இருக்கிறது: கண்முன் இருக்கும் வீடும், இவர் தலைக்குள் இருக்கும் வீடும் ஒத்துப்போகவே மாட்டா. வெளியே சூழல் என்று பெரிதாக எதுவும் இல்லை, சாதாரணப் புறநகர் வாழ்க்கைதான். இதைச் ‘சூழல் நகைச்சுவை’ என்றால், படிப்பவர் இல்லாத ஒன்றைத் தேடுவார்.

சரி, பிறகு என்ன சொல்வது? சிரிப்பு, அழுகை போன்ற உணர்ச்சி வெளிப்பாடுகளை, அதாவது மெய்ப்பாடுகளைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குப் போனேன்.

> எள்ளல் இளமை பேதைமை மடன்என்று
> உள்ளப் பட்ட நகைநான்கு என்ப

சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு. எட்டு மெய்ப்பாடுகளுக்கும் இப்படி நந்நான்கு உண்டு. இவற்றை உரைகாரர்கள் ‘நிலைக்களன்’ என்கிறார்கள். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலை, களம் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. நகை எதிலிருந்து எழுகிறதோ அது நிலைக்களம். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே முழு வடிவம் ‘நிலைக்கள நகைச்சுவை’, சுருக்கம் ‘களநகை’. ஆங்கிலத்திலும் இரண்டு சொற்களை நறுக்கித்தானே சிட்காம் ஆக்கினார்கள்.

> தொல்காப்பியச் சொல்லைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவது வலிந்து பொருத்துவதாகாதா?

அம்மா, இந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. இலக்கணத்தில் நிலைக்களன் என்பது எள்ளல், பேதைமை போன்ற பண்புகளையும் நிலைகளையும் குறிக்கிறது. வீட்டையும் குடும்பத்தையும் குறிப்பதில்லை. அந்த வேறுபாட்டை மறைக்க வேண்டாம், கட்டுரையைப் பற்றி உரையாடும் பேச்சுப் பக்கத்தில் எழுதியே வைப்போம். ஆனால் நகர்வு சிறியது, திசையும் இயல்பானது. மன்ரோவின் வீட்டில் எள்ளலும் இளமையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன.

> நகை என்றால் இன்றைக்குத் தங்கநகைதானே ஞாபகம் வரும்?

தனியாக நின்றால் வரும். புன்னகையிலோ நகைச்சுவையிலோ யாருக்கும் வருவதில்லை. கூட்டுச் சொல்லாக வைத்தும் பார்த்தேன். குடும்பக் களநகை, அலுவலகக் களநகை, களநகை எழுத்தாளர், அசைவூட்டக் களநகை. எல்லாம் நாவில் புரள்கின்றன. ‘குடும்பச் சூழல் நகைச்சுவை’ என்று சொல்லிப் பாருங்கள், குடும்பச் சூழலைப் பற்றிய நகைச்சுவையா, குடும்பத்தை வைத்த சிட்காமா என்று குழப்பம் வந்துவிடும்.

சிட்காம் என்றே எழுதலாம் என்றவர்களுக்கு: பேச்சில் எனக்கும் அதுதான் வருகிறது, அப்படியே வரட்டும். கட்டுரையில் முதலிடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதி, அப்புறம் களநகை என்று போகலாம்.

மன்ரோவின் தொழிலுக்கு ‘கருத்துப்பட ஓவியர்’ வேண்டாம் என்று நினைக்கிறேன். அது அரசியல் படங்களோடு ஒட்டிக்கொண்ட சொல். தர்பர் வரைந்தது கணவன், மனைவி, நாய்கள். கேலிச்சித்திரக்காரர் போதும்.

என் வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது:

“‘மை வேர்ல்ட் அண்ட் வெல்கம் டு இட்’ என்பது 1969–70இல் என்பிசியில் 26 பகுதிகளாக ஒளிபரப்பான, பகற்கனவு காணும் கேலிச்சித்திரக்காரர் ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பற்றிய, சிட்காம் எனப்படும் களநகைத் தொடர், சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை 1970இல் பெற்றும் ஒரே பருவத்தோடு நின்றது.”

வாக்கியம் கொஞ்சம் நீளம், உடைத்துவிடுகிறேன். ஞாயிறு வரை காத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ‘நிலைநகை’ மேல் என்று யாருக்காவது தோன்றினாலும் சொல்லுங்கள், அதையும் ஒருமுறை யோசித்தேன். அடுத்து, தொடரின் வெள்ளோட்டப் பகுதியான ‘பைலட்’டுக்கு என்ன சொல் என்பதும் எனக்கு வேண்டும்.

அன்புடன்