அப்பத்தா பட்டில் குஷன் உறையா?

குழு: மேலமாசி வீதி வீடு

சனிக்கிழமை

கவி (காலை 11:08): ஆழ்வார்பேட்டையில் ஒரு பொட்டிக்கில் இருக்கிறேன். புது வீட்டு ஹாலுக்குச் சாமான் பார்க்க வந்தேன். துணி, நகை, விளக்கு, பாய், பீங்கான் எல்லாம் ஒரே இடத்தில். வெளியே வர மனசே இல்லை.

கவி: [6 படங்கள்]

கவி: முதல் படத்தைப் பாருங்கள். பழைய பட்டுப் புடவையில் தைத்த குஷன் உறை. புடவையை நாம் கொடுத்தால் அவர்களே வெட்டித் தைத்துத் தருகிறார்கள். உறை ஒன்றுக்குக் கூலி 1,400. ஒரு புடவையில் எட்டு உறையும் மேஜைக்கு ஒரு ரன்னரும் வருமாம்.

கவி: அப்பத்தா புடவை மூன்று நம் பீரோவில் சும்மாதானே கிடக்கிறது?

மதுரை அத்தை: சும்மா கிடக்கிறதா?

மதுரை அத்தை: யாரைக் கேட்டு இந்தப் பேச்சு?

அருண்: அக்கா, போனை அணைத்துவிட்டு ஓடிவிடு.

அப்பா: 👍

கவி: அப்பா எதற்கு 👍 போட்டார் என்று யாராவது சொல்லுங்கள்.

அம்மா: படத்துக்காக இருக்கும். அவர் படம் மட்டும்தான் பார்ப்பார்.

மதுரை அத்தை: வசந்தி, எந்த மூன்று புடவை?

அம்மா: அரக்கில் கோபுரக் கரை போட்டது, மயில்கழுத்து, அப்புறம் அந்தப் பாலும் பழமும் கட்டம், மதினி.

மதுரை அத்தை: அரக்கு, அண்ணன் கல்யாணத்துக்கு அம்மாவுக்கு எடுத்தது. காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தார்கள்.

ஈரோடு பெரியப்பா: ஆமாம். 1981. விலை ஞாபகம் இல்லை. விலையைக் கேட்டதும் அப்பா முகம் போன போக்கு ஞாபகம் இருக்கிறது.

மதுரை அத்தை: அதில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கப் போகிறாளாம்.

கவி: அத்தை, கட்டாமல் மடித்தே வைத்திருந்தால் அதுவும் வீண்தானே? கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

தாம்பரம் சித்தி: கவி, வெட்டலாமா கூடாதா என்பது அப்புறம். முதலில் புடவை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? மடிப்பைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும். ஜரிகை கனமாக இருந்தால் சீக்கிரம் விடும்.

அம்மா: இப்போதே பிரிக்கிறேன்.

தாம்பரம் சித்தி: பழையதை நல்ல ரவிக்கையோடு கட்டினாலே போதும், புதுசாகத் தெரியும். எங்கள் தையல் கடைக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டி புடவையைத்தான் எடுத்து வருகிறார்கள். ஆனால் குஷனுக்குப் பட்டு வேண்டாம் என்பேன். தலை எண்ணெய், வியர்வை, ஜன்னல் வெயில், மூன்றும் பட்டுக்கு ஆகாது. வெயில் படும் பக்கம் முதலில் வெளுக்கும், அப்புறம் நூலே நைந்துவிடும். துவைக்கவும் முடியாது. இரண்டு வருஷத்தில் புடவையும் இல்லை, குஷனும் இல்லை.

கவி: கடையில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

தாம்பரம் சித்தி: எப்படிச் சொல்வார்கள்? நாலாவது படத்தில் 900 ரூபாய் உறையில் என்ன எழுதியிருக்கிறது, பெரிதாக்கிப் பார். 'சில்க் ஃபினிஷ்'. அப்படியென்றால் பட்டு இல்லை. வாங்கியே தீருவேன் என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பார். பட்டு என்றால் தலைமுடி கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிடும்.

ஈரோடு பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] இனிய காலை வணக்கம் 🌹 நல்லதே நடக்கும்

அருண்: பெரியப்பா, மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

ஈரோடு பெரியப்பா: வேறு குழுவுக்குப் போக வேண்டியது. சரி, இரண்டாவது படத்தில் தொங்குவது ஜமக்காளமா?

கவி: ஆமாம் பெரியப்பா. பவானி ஜமக்காளம். 2 அடிக்கு 5 அடி ரன்னர். 3,600.

ஈரோடு பெரியப்பா: எவ்வளவு?

கவி: 3,600.

ஈரோடு பெரியப்பா: [குரல் பதிவு 2:14]

அருண்: கேட்டேன். முதல் ஒரு நிமிஷம் வெறும் சிரிப்பு.

ஈரோடு பெரியப்பா: சிரிப்பை விடு. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஓரத்தையும் எடு. பவானியில் குழித்தறியில் உட்கார்ந்து கையால் நெய்வது. 2005-லேயே புவிசார் குறியீட்டுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். ஜமக்காளத்தை விசைத்தறியில் ஓட்டவே கூடாது, கைத்தறிக்கு ஒதுக்கிய பொருள், 1985 சட்டம் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டி எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். அதனால்தான் பின்பக்கம் கேட்டேன்.

கவி: [2 படங்கள்] கைத்தறி முத்திரை இருக்கிறது.

ஈரோடு பெரியப்பா: ஓரம் லேசாக வளைந்து போகிறது. சரி, கைத்தறிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3,600 கொடுக்காதே. இங்கே நெசவாளர் சங்கத்தில் அந்தப் பணத்துக்கு ஹால் முழுக்க விரிக்கிற மாதிரி வாங்கித் தருகிறேன்.

கவி: எந்த நிறத்தில்?

ஈரோடு பெரியப்பா: சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, நீலம். எல்லாம் சேர்ந்துதான் வரும்.

கவி: அதுதான் சிக்கல் பெரியப்பா. என் ஹால் சுவர் வெள்ளை, சோபா சாம்பல். அந்தப் பட்டையை விரித்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். இந்தக் கடைக்காரர் அதே நெசவில் கரும்பச்சையும் சந்தன நிறமும் மட்டும் போட்டு, அகலத்தைக் குறைத்து, நடைவழியில் விரிக்கிற அளவுக்கு நெய்ய வைத்திருக்கிறார். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்கும் ஒரு விலை உண்டுதானே?

ஈரோடு பெரியப்பா: கல்யாண மண்டபம் மாதிரி இருந்தால் என்ன குறை?

தாம்பரம் சித்தி: கவி சொல்வதும் சரிதான். நிறத்தைச் சேர்க்கத் தெரிந்தவர் கூலி வாங்கட்டும். ஆனால் 3,600-இல் நெய்தவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கடையில் கேட்டுப் பார். நல்ல கடைக்காரர் கூச்சப்படாமல் சொல்வார்.

கவி: கேட்டேன். "நாங்கள் சமூகங்களோடு இணைந்து பணியாற்றுகிறோம்" என்றார்கள்.

அருண்: அதாவது சொல்லமாட்டார்கள்.

அம்மா: மூன்றாவது படத்தில் இருப்பது பத்தமடைப் பாய்தானே? அதை ஏன் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்?

கவி: அலங்காரத்துக்கு அம்மா. 2,200.

அம்மா: எங்கள் கல்யாணப் பாய் பரணில் இருக்கிறது. அப்பா பேரும் என் பேரும் போட்டு நெய்தது. 1953-இல் இங்கிலாந்து ராணி பட்டாபிஷேகத்துக்கே பத்தமடையில் இருந்து பாய் போனதாக உன் தாத்தா ஊரெல்லாம் சொல்வார். பாய் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள், காசு கொடுக்காதே.

கவி: உங்கள் பேர் போட்ட பாயை என் ஹாலில் மாட்டவா?

அப்பா: 👍

மதுரை அத்தை: பாய் இருக்கட்டும். கடைசிப் படத்தில் பொம்மைக்குக் கட்டியிருக்கிற புடவை என்ன?

கவி: சுங்குடி அத்தை. 4,800. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டலாமா என்று பார்க்கிறேன். வெள்ளை ஸ்னீக்கரோடு.

மதுரை அத்தை: ஸ்னீக்கரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்கிறேன். புள்ளியைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

கவி: [படம்]

மதுரை அத்தை: இது சுங்குடி இல்லை. அச்சு.

கவி: படத்தை வைத்து எப்படிச் சொல்கிறீர்கள்?

மதுரை அத்தை: எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே உருண்டை. கையால் முடிச்சுப் போட்டால் அப்படி வருமா? சௌராஷ்டிரக்காரர் வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து, துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அப்புறம் சாயத்தில் முக்கி, காயவைத்துப் பிரிப்பார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. புதுப் புடவையைத் தடவினால் புள்ளி புள்ளியாகத் தட்டுப்படும். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். அதையும் நான் கட்டுகிறேன், வெயிலுக்கு சுகம். ஆனால் அச்சுக்கு அச்சு விலைதான் கொடுப்பேன்.

தாம்பரம் சித்தி: மதினி சொன்னால் சரியாக இருக்கும்.

மதுரை அத்தை: முடிச்சுப் போடுகிற ஆட்களே குறைந்துவிட்டார்கள். அதைச் சொல்லி விலை கேட்டால் தாராளமாகக் கொடு. முடிச்சே போடாமல் அந்த விலை கேட்டால் எப்படி?

கவி: சரி, வைத்துவிட்டேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா (காலை 7:20): [4 படங்கள்] மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டோம். அரக்கு அப்படியே இருக்கிறது. பாலும் பழமும் நன்றாக இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் மஞ்சள் கறை. மயில்கழுத்து மடிப்பு மடிப்பாக விட்டுவிட்டது. கையில் எடுத்தாலே கிழிகிறது.

மதுரை அத்தை: மயில்கழுத்தா?

மதுரை அத்தை: அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த நிறம்.

தாம்பரம் சித்தி: வசந்திக்கா, உடல் போனாலும் தலைப்பும் கரையும் நன்றாகத் தெரிகிறதே? கரையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தங்க முலாம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி ஜரிகை. சிவப்புப் பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். செம்பு நிறம் தெரிந்தால் வேறு.

அம்மா: வெள்ளை. உள்ளே சிவப்பு நூலும் தெரிகிறது.

அருண்: அப்படியென்றால் "பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம்" என்று ஆட்டோவில் கூவிக்கொண்டு வருகிறவருக்கு?

மதுரை அத்தை: அருண், நீ பேசாதே.

தாம்பரம் சித்தி: அவர்கள் உருக்கி வெள்ளி எடுக்கத்தான் வாங்குகிறார்கள். கொடுக்காதீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், பிடித்தால் செய்யுங்கள். கவி அரக்குப் புடவையை கிரகப்பிரவேசத்துக்குக் கட்டட்டும். மயில்கழுத்தில் கரையை மட்டும் பிரித்து ஒரு வெற்றுப் புடவையில் வைத்துத் தைக்கலாம். தலைப்பை மட்டும் மல் துணி மேல் தைத்து, கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டலாம். வெயில் படாத சுவர் என்றால் எத்தனையோ வருஷம் இருக்கும்.

கவி: சித்தி, எனக்குப் பட்டே ஒத்துவராது. வாரம் முழுக்கப் பருத்திக் குர்தாவும் ஆக்சிடைஸ்டு கம்மலும்தான். பட்டும் அட்டிகையும் போட்டால் கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

தாம்பரம் சித்தி: அட்டிகையை யார் போடச் சொன்னார்கள்? வெள்ளி ஜிமிக்கியே போடு. கழுத்தில் ஒன்றும் வேண்டாம். ரவிக்கை மட்டும் போட் நெக், முழங்கை வரை, வெற்றுப் பருத்தியில். கறுப்பு அரக்குக்கு எடுப்பாக இருக்கும்.

மதுரை அத்தை: கிரகப்பிரவேசத்துக்குக் கறுப்பா!

தாம்பரம் சித்தி: சரி மதினி, மாம்பழ மஞ்சள்.

மதுரை அத்தை: அது சரி.

கவி: மாம்பழ மஞ்சள் எனக்கும் பிடிக்கும். ஸ்னீக்கர்?

மதுரை அத்தை: தை வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு முகூர்த்தம். ஹோமத்துக்கு முன்னால் எல்லோரும் வெறும் காலோடுதான் நிற்கப்போகிறோம். என்ன செருப்பு போட்டாலும் வாசலில்தான் கிடக்கும்.

அருண்: அத்தை ஜெயித்துவிட்டார்.

கவி: அப்படியானால் தலைப்பைச் சட்டம் போடுவதற்கு உங்களுக்குச் சம்மதமா அத்தை?

மதுரை அத்தை (பிற்பகல் 3:55): யோசித்தேன். சட்டம் போடு. ஆனால் யாரும் சாய்கிற இடத்தில், கால் நீட்டுகிற இடத்தில் வேண்டாம். பாலும் பழமும் கட்டம் எனக்கு வேண்டும்.

அம்மா: உங்களுக்கு இல்லாமலா மதினி? எடுத்து வைக்கிறேன்.

தாம்பரம் சித்தி: பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துப்போகும். மூன்று மாசத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்றுங்கள்.

கவி: எல்லாம் சரி, குஷனுக்கு என்ன செய்வது? சோபா மொட்டையாக இருக்கிறது.

தாம்பரம் சித்தி: செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒன்று வாங்கு. கெட்டிப் பருத்தி, அகலக் கரை, கட்டம். எத்தனை துவைத்தாலும் தாங்கும். உன் சாம்பல் சோபாவுக்குக் கடுகு மஞ்சளும் செங்கல் நிறமும் பொருந்தும். ஒரு புடவையில் உன் எட்டு உறையும் வரும். நானே தைத்துத் தருகிறேன், கூலி ஒரு வேளைச் சாப்பாடு.

மதுரை அத்தை: புதுப் புடவையை வெட்டுவதா, ராதா?

தாம்பரம் சித்தி: மதினி, நேற்று பழசை வெட்டக்கூடாது என்றீர்கள்!

மதுரை அத்தை: அது வேறு.

அருண்: 😂😂

கவி: காரைக்குடியில் யாரிடமாவது சொல்லி வாங்கலாமா? இல்லை, கோ-ஆப்டெக்ஸில் முதலில் பார்க்கட்டுமா?

தாம்பரம் சித்தி: கோ-ஆப்டெக்ஸில் பார். கைத்தறி முத்திரை பார்த்து எடு. தைப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் ஒரு தரம் ஊறவைத்து அலசு. சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும்.

ஈரோடு பெரியப்பா (இரவு 8:30): [3 படங்கள்] சங்கத்துக்கே போய் வந்தேன். நீலமும் வெள்ளையும் மட்டும் போட்டது ஒன்று இருக்கிறது. கரும்பச்சை வேண்டுமென்றால் பாவு, அதாவது தறிக்கான நீள நூல், ஓட்டும்போதே சொல்ல வேண்டுமாம். ஒன்றுக்காக ஓட்டமாட்டார்கள், நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் செய்வார்களாம்.

கவி: நாலைந்து பேர் என்றால், நான், சித்தி, அருண்...

அருண்: பெங்களூரில் என் அறையே ஒரு ஜமக்காள அளவுதான்.

அம்மா: நமக்கு ஒன்று. மதினிக்கு ஒன்று.

ஈரோடு பெரியப்பா: அப்படியானால் ஐந்து. சொல்லிவிடவா? ஹால் அளவை அடியில் சொல். சென்டிமீட்டர் இங்கே யாருக்கும் பழக்கமில்லை.

கவி: 11-க்கு 14.

ஈரோடு பெரியப்பா: அப்போது 6-க்கு 9 போதும். கரும்பச்சையும் சந்தனமும். ஓரத்தில் ஆரஞ்சு ஒரு பட்டை வரும்.

கவி: பெரியப்பா!

ஈரோடு பெரியப்பா: ஒரே ஒரு பட்டை.

கவி: மெல்லிசாக.

அப்பா: 👍