பெரியம்மா போற தியான மண்டபத்த வச்சு எம்.ஏ. ப்ராஜெக்ட் பண்ணலாமா?

மன்னைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.ஏ. சோஷியாலஜி கடைசி வருஷம், ஊரு மன்னார்குடி பக்கம். எங்க பெரியம்மா கொஞ்ச வருஷமா ஒரு தியான குரூப்புக்கு போயிட்டிருக்காங்க. பழைய அரிசி மில்ல வாங்கி மண்டபமா மாத்திருக்காங்க, வாசல்ல ஒரு ப்ளாஸ்டிக் கூடை, அதுல போன போட்டுட்டுதான் உள்ள போவணும். குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்துலேர்ந்து அக்கவுண்ட்ல பணம் ஏறுனதும் ஒரு நீள நோட்டு வீடு வீடா வரும், யாரு எவ்ளோ குடுக்குறாங்கன்னு அதுலயே எழுதி கையெழுத்து போடணும், மேல இருக்கற பேருக்கு எவ்ளோன்னும் தெரியும்ல, அதுக்கு கொறைய யாரும் எழுதறதில்ல. பெரியப்பா மூளைச்சலவை பண்ணிட்டானுவன்னு கத்துறாரு, பெரியம்மா என்னடான்னா இங்க வந்தப்புறந்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வருதுங்குறாங்க. ரெண்டு பேரு சொல்றதும் எனக்கு உண்மையாதான் படுது. இத எப்படி ஆய்வா எடுக்கறது, யாராச்சும் சொல்லுங்களேன்.

வெட்டாறு:
தாராளமா பண்ணலாம்மா. புதிய சமய இயக்கங்கள்னு தனித் துறையே இருக்கு. நீ மொதல்ல பிடிக்க வேண்டியது ஐலீன் பார்க்கர், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல இருந்தவங்க. கொரியாவுல சன் மியுங் மூன் ஆரம்பிச்ச யூனிஃபிகேஷன் சர்ச் பத்தி வருஷக்கணக்கா கூடவே இருந்து பாத்து 1984ல புத்தகம் போட்டாங்க. எல்லாரும் உள்ள போனவங்களையே பாத்துட்டிருந்தப்ப அந்தம்மா வந்தவங்க எத்தன பேரு, தங்குனவங்க எத்தன பேருன்னு எண்ணுனாங்க. லண்டன் பக்கம் அந்த சர்ச்சோட முகாமுக்கு வந்த சுமார் ஆயிரம் பேர்ல பத்துக்கு ஒம்போது பேரு சேரவே இல்ல, சேர்ந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள தானா வெளிய வந்துட்டாங்க. மூளைச்சலவைன்னு ஒண்ணு அவ்ளோ பலமா வேல செஞ்சிருந்தா இந்தக் கணக்கு வந்திருக்காதுல்ல? அந்தப் பேச்சே கொரியப் போர் சமயத்துல ஒரு பத்திரிகையாளர் 1950ல கிளப்புனது, 1953ல அங்க பிடிபட்டிருந்த 21 அமெரிக்க சிப்பாய்ங்க ஊருக்கு வரமாட்டேன்னதும் அது இன்னும் பரவிடுச்சு.

அதோட, புதுசா வர்றது எல்லாத்தையும் சந்தேகமா பாக்கறது நம்ம பக்கத்துலயும் நடந்ததுதான். வள்ளலார் 1865ல சங்கம் வச்சு, 1867ல வடலூர்ல தருமசாலை ஆரம்பிச்சப்ப பழைய சைவர்கள் எவ்ளோ எதிர்த்தாங்க, அவரு பாட்ட அருட்பா இல்ல, மயக்கற மருட்பான்னாங்க, மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போச்சு. இன்னிக்கு அந்த அடுப்புல சாப்பிட்டு வராத குடும்பம் நம்ம பக்கம் கம்மி.

கொள்ளிடக்கரை:
சார் மேல மரியாத உண்டு, ஆனா இத இப்படியே விட்டா அந்தப் பொண்ணு தப்பான எடத்துக்கு போயிடும். எங்க சொந்தத்துல ஒருத்தர் ஒரு குரூப்ல இருந்து நெலத்த எழுதிக் குடுத்துட்டாரு, அதனால எனக்கு இது படிப்பு விஷயம் மட்டும் இல்ல. 1978ல கயானாவுல ஜோன்ஸ்டவுன்னு ஒரு மதக் குரூப்பு குடியிருந்த எடத்துல 900 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 300க்கு மேல குழந்தைங்க, அந்தக் குழந்தைங்க என்ன தானா சேர்ந்துச்சா, தானா வெளிய வரத்தான் முடியுமா? 1995ல டோக்கியோ ரயில்ல ஓம் ஷின்ரிக்கியோங்கற மத இயக்கம் விஷவாயு விட்டப்ப அமெரிக்காவுலேர்ந்து ஆய்வாளருங்க போயி அவங்களுக்கு ஆதரவா பேசுனாங்க, போக்குவரத்து செலவ குடுத்ததே அந்த இயக்கம்தான். பக்கத்துல ஒக்காந்து பேசிப் பேசி பாசம் வந்துட்டா கண்ணு மறைஞ்சிடும். வெளியேறுனவன் கோவத்துல சொல்றான்னு அவன் பேச்ச சில ஆய்வாளருங்க தள்ளியே வச்சிட்டாங்க, அத என்னால ஏத்துக்கவே முடியல. பணம் எங்க போவுதுன்னு கேளும்மா. மண்டபம் யாரு பேருல பதிவாயிருக்கு, ட்ரஸ்ட்டுல குடும்பத்து ஆளுங்கதானா, வில்லங்கம் போட்டு பாரு, அது யாரு வேணா எடுக்கலாம்.

வெட்டாறு:
தம்பி சொல்றது நியாயம். ஜோன்ஸ்டவுன் காட்டுக்குள்ள இருந்துச்சு, போற வழிய அடைச்சு வச்சிருந்தாங்க, லண்டன் முகாம்லேர்ந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடலாம். அதனால ஏன் சேர்ந்தாங்கன்னு கேக்கறதோட விட்டுடாத, வெளிய வர்றதுக்கு என்ன வெல குடுக்கணும்னு கேளு. பொண்ணு கல்யாணம் உள்ளயே முடிச்சிருந்தா, நெலம் போயிருந்தா, அண்ணன் தம்பி பேச்சு நின்னிருந்தா அந்த வெல ஏறிட்டே போவும்.

குடவாசல்_அக்கா:
நான் வேற தலைப்புல பிஎச்.டி. பண்ணேன், ஆனா டெல்டாவுலதான் ஃபீல்டு. 1950கள்ல அமெரிக்காவுல உலகம் வெள்ளத்துல அழியப்போவுதுன்னு காத்திருந்த ஒரு சின்ன கூட்டத்துல ஆய்வாளருங்க நம்பறவங்க மாதிரி நடிச்சு உள்ள நுழைஞ்சாங்க, அத இன்னிக்கும் பாடத்துல வைக்கிறாங்க. நீ அந்த வேல மட்டும் பண்ணிடாத. நம்மூர்ல நடவு ஆளுலேர்ந்து டீக்கடை வரைக்கும் நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு தெரியும், அதவிட பெரியம்மாவுக்கு அது துரோகம். இன்ன படிப்புக்காக வந்திருக்கேன்னு சொல்லி அனுமதி கேளு, பேரு ஊரு எல்லாத்தையும் மாத்திடு.

அங்க சாட்சி மாதிரி எந்திரிச்சு பேசுவாங்கன்னா அத முழுசா கேளு. முன்ன நான் இப்படி கஷ்டப்பட்டேன், யாரோ கூட்டிட்டு வந்தாங்க, மூணாம் நாளே மனசு லேசாச்சுன்னு எல்லாரும் ஒரே வரிசையில சொல்லுவாங்க. ஜேம்ஸ் பெக்ஃபோர்டுன்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் 1978லயே யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவ இயக்கத்த வச்சு எழுதியிருக்காரு, மாறுன கதைய எப்படி சொல்லணும்ங்கறதையும் அந்தக் கூட்டத்துலதான் கத்துக்கறாங்கன்னு. அதனால பெரியம்மா பொய் சொல்றாங்கன்னு ஆயிடாது. தூக்கம் வராம இருந்தப்ப அந்த வீட்டுல யாரு கவனிச்சாங்கன்னு பெரியப்பாவையும் ஒருநா ஒக்கார வச்சு கேளு. நடவு சமயத்துல போவாத, யாருக்கும் பேச நேரமிருக்காது.

மன்னைப்பொண்ணு:
ரொம்ப நன்றி சார், அக்கா, அண்ணா. கைடுகிட்ட பேசிட்டேன், போயிட்டு நிறுத்திட்டவங்க, இன்னும் போறவங்க ரெண்டு பக்கமும் எடுத்துக்க சொன்னாங்க. ரெண்டு தடவ போயிட்டு நின்னவங்க எங்க தெருவுலயே நாலஞ்சு பேரு இருக்காங்க, இதுவரைக்கும் அவங்கள யாரும் எதுவும் கேட்டதே இல்ல, அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன். அண்ணா, வில்லங்கம் ஆன்லைன்ல போட சர்வே நம்பர் வேணுமா, இல்ல ஊர் பேரு போதுமா?

கொள்ளிடக்கரை:
சர்வே நம்பரும் உட்பிரிவும் வேணும்மா, பத்திர நம்பர் தெரிஞ்சா அத வச்சும் தேடலாம். மில்லு பழைய ஓனர் குடும்பத்துல கேட்டா தெரிஞ்சிடும்.